நான்கே உயிரெழுத்துக்கள்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் மைசூர் நகரத்தைச் சுற்றி வருகிற ஒருவர், அரண்மனையின் தீபாலங்காரத்தையும் மறுநாள் பவனிக்காகக் காத்து நிற்கும் யானைகளையும் கண்டு மகிழ்வதோடு திரும்பிவிடாமல், சந்துகளுக்குள் இருக்கும் பட்டறைகளையும் சற்று எட்டிப் பார்ப்பாரானால், அந்த விளக்குகளுக்குச் சற்றும் குறையாத அழகுடைய காட்சி ஒன்றை அங்கே காண்பார். தச்சர் தம் உளிகளைத் தீட்டி வரிசையாக வைத்திருப்பார். தையற்காரர் தம் மெஷினைச் சாய்த்து, ஆண்டு முழுவதும் அடியில் சேர்ந்த பஞ்சையும் நூலையும் எடுத்துவிட்டு எண்ணெய் விட்டிருப்பார். அச்சுக்கூடத்துப் பையன் உருளைகளைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருப்பான். சந்தனமும் குங்குமமும் அதற்குப் பிறகுதான் வரும். கருவியை வணங்குவதற்கு முன் அதன் உள்ளே கை வைத்து அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்லுகிற பண்டிகை, ஆயுத பூஜை.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு நாளில், ஒரு கல்லூரியின் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். மேஜைமேல் வெள்ளை நிறத்தில் ஒரு யந்திரம் இருந்தது. அதன் நெற்றியிலும் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: திறந்தால் உத்தரவாதம் இல்லை என்பது அதன் சாராம்சம். உள்ளே ஏதோ ஒரு சிறு பாகம் பழுதாகி, அது கடல் கடந்து வரவேண்டுமென்று இரண்டு ஆண்டுகளாகக் காத்திருப்பதாக அங்கிருந்த உதவியாளர் சொன்னார். தையற்காரருடைய மெஷினுக்குக் கிடைத்த பூஜை அந்த யந்திரத்துக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. வெளியே பூசிய சந்தனம் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை எட்டுவதில்லை.

அன்று மனத்தில் விழுந்த அந்த எண்ணமே இந்தக் கட்டுரைக்கு வித்து. உயிரின் எழுத்துக்களாகிய டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் மனிதன் தன் கையால் கோத்துத் தயாரிக்கிற யந்திரங்கள் இன்று உலகத்தில் ஓடுகின்றன. அவற்றின் வரைபடங்களை எவரும் பார்க்கவும், கட்டவும், திருத்தவும் இயலும்படி வெளியிட வேண்டும் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஓப்பன் சோர்ஸ்' என்றும் 'திறந்த மூலம்' என்றும் கம்ப்யூட்டர் உலகத்தில் வழங்குகிற கொள்கையை ஆய்வுக்கூட உபகரணங்களுக்கும் கொண்டுவருகிற முயற்சி இது. சாமானியருக்கு இதனால் என்ன லாபம், இதில் அஞ்சத்தக்கது ஏதேனும் உண்டா என்பவற்றை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நம் காலத்துக்கு அவசியமான காரியம்.

மாலை தொடுக்கும் யந்திரம்

தமிழில் உயிரெழுத்துக்கள் பன்னிரண்டு. உயிருக்கோ எழுத்துக்கள் நான்கே. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் அந்த நான்கு ரசாயனப் பொருள்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட சரமே டி.என்.ஏ. ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக யுராசில் வரும். மனித உயிரணு ஒன்றுக்குள் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்திருக்கும் இரண்டு பிரதிகளில், ஒவ்வொரு பிரதியும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்டது. விஞ்ஞானிகள் செயற்கையாகக் கோக்கிற சரங்களோ பெரும்பாலும் மிகச் சிறியவை. இருபது எழுத்து, முப்பது எழுத்து என்ற அளவினவை. இவற்றை ஆய்வுக்கூடத்தார் 'ஆலிகோ' என்பார்கள். இவற்றுள் மிகவும் பழக்கமானது 'பிரைமர்'. ஒரு பெரிய நூலில் குறிப்பிட்ட ஒரு வரியைத் தேடிப் போகிறவன் அந்த வரியின் முதற் சில எழுத்துக்களை நினைவில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டுவதுபோல, பிரைமர் தனக்கு இணையான எழுத்துக்களைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து பிரதி எடுக்கும் வேலை தொடங்குகிறது.

2020-ஆம் ஆண்டில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு எடுத்த மாதிரியை ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பி, முடிவுக்காக இரவெல்லாம் காத்திருந்த அநுபவம் நம்மில் அநேகருக்கு உண்டு. அந்தச் சோதனையின் உயிர்நாடி இந்தப் பிரைமர்களே. கொரோனா வைரஸின் எழுத்து வரிசையை விஞ்ஞானிகள் 2020 ஜனவரியிலேயே உலகத்துக்கு வெளியிட்டுவிட்டார்கள். எந்தப் பிரைமர்களைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம் என்ற குறிப்பும் அதே மாதத்தில் வெளிவந்துவிட்டது. அறிவு இவ்வாறு திறந்த வாசலில் வந்து நின்றது. அந்த எழுத்துக்களைப் பொருளாக மாற்றிக் குப்பியில் அடைத்துத் தரக்கூடிய யந்திரங்களும் மூலப்பொருள்களும் எத்தனை ஊர்களில் இருக்கின்றன என்ற கேள்வி அப்பொழுதுதான் எல்லாருக்கும் உறைத்தது. எழுத்து வரிசையைப் படிக்கத் தெரிந்தும் அதை எழுதுவதற்குக் கோல் இல்லாதவர்களின் நிலை அது.

இந்தக் கோலை மனிதனுக்கு அளித்தவர்களுள் முன்னிற்பவர் நம் நாட்டில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாப் பகுதியில் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922-ல் பிறந்தார். சுமார் நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிவுள்ள குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றுதான். அவர் முதலிற் படித்த பள்ளிக்கூடம் ஒரு மரத்தடி. 1952-ல் கனடாவின் வான்கூவர் நகருக்குப் போய், வசதிகள் குறைந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், உயிரெழுத்துக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ரசாயன முறைகளைத் தேடலானார். தாம் கோத்த சிறு சரங்களைக் கொண்டே, மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்கப்படும் உயிரின் அகராதியைத் திறக்க உதவி, 1968-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1970-ல் அவரும் அவருடைய சகாக்களும் 77 எழுத்து இணைகள் கொண்ட ஒரு மரபணுவை முழுக்க முழுக்கச் செயற்கையாக அமைத்தார்கள். 1976-ல் உயிரணுவுக்குள் சென்று வேலை செய்யக்கூடிய மரபணு ஒன்றையும் அமைத்துக் காட்டினார்கள். தேர்ந்த ரசாயன அறிஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் ஒன்றுகூடி உழைத்த உழைப்பின் பலன் அந்த 77 எழுத்து. இன்று அதே நீளமுள்ள ஒற்றைச் சரத்தை ஒரு யந்திரம் ஒரு நாளைக்குள் முடித்துவிடுகிறது.

இந்த மாற்றம் வந்த வழியை அறிந்துகொள்வது நலம். ராபர்ட் மெரிஃபீல்டு என்ற அமெரிக்க அறிஞர், புரதத் துண்டுகளைத் தயாரிக்கும்போது சரத்தின் ஒரு நுனியை ஒரு திடப்பொருளின்மேல் கட்டிவிட்டால் வேலை எளிதாகிவிடும் என்று 1963-ல் காட்டினார். ராபர்ட் லெட்சிங்கர் அதே உபாயத்தை உயிரெழுத்துக்களுக்குப் பிரயோகித்தார். லெட்சிங்கரிடம் மாணவராக இருந்து, பின்பு கொரானாவின் கூடத்திலும் பயிற்சி பெற்ற மார்வின் கருதர்ஸ், 1981-ல் பொகாஜ் என்பவருடன் சேர்ந்து, 'ஃபாஸ்ஃபோரமிடைட்' என்னும் ரசாயனப் பொருளைக் கொண்டு எழுத்துக்களைக் கோக்கும் முறையை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் வழங்குவது அந்த முறையே. அதன் மூலக் காப்புரிமைகளோ எப்போதோ காலாவதியாகிவிட்டன.

மைசூரின் தேவராஜ மார்க்கெட்டில் பூத்தொடுக்கும் பெண்மணியின் விரல்களை நின்று கவனித்திருப்பவர்களுக்கு இந்த முறை விளங்குவதில் சிரமம் இராது. அவர் நாரின் ஒரு நுனியைக் கால்விரலில் சுற்றிக்கொள்கிறார். யந்திரத்தில், நுண்துளைகள் நிறைந்த கண்ணாடித் துகள்களின்மேல் முதல் எழுத்து கட்டப்பட்டிருக்கிறது. அடுத்த பூவை வைக்குமுன் நாரில் இடம் காட்ட வேண்டும். யந்திரம் முதல் எழுத்தின் தலையிலுள்ள ரசாயன மூடியை நீக்குகிறது. பிறகு இரண்டாம் எழுத்து வந்து பிணைகிறது. பிணையத் தவறிய சரங்கள் மேலும் வளர்ந்து குழப்பம் விளைக்காதபடி அவற்றின் வாயை அடைத்துவிடுவது மூன்றாவது வேலை. விழுந்த முடிச்சை இறுக்குவது நான்காவது. இந்நான்கும் ஒரு சுற்று. நூறு எழுத்து வேண்டுமானால் ஏறக்குறைய நூறு சுற்று. மூடி கழலும்போதெல்லாம் திரவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தோன்றும். அந்த நிறத்தின் ஆழத்தை அளந்தே, முந்தைய சுற்றில் எத்தனை பங்கு சரியாகப் பிணைந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

இங்கேதான் கணிதம் தன் கண்டிப்பைக் காட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 100-க்கு 99 பங்கு சரியாகப் பிணைகிறது என்றே வைத்துக்கொள்வோம். பரீட்சையில் அந்த மதிப்பெண் வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆனால் இருபது எழுத்துச் சரம் முடியும்போது குறையற்றவை 100-க்கு 82 பங்கு. நூறு எழுத்தில் அது 37 பங்காகக் குறையும். இருநூறு எழுத்தில் 14 பங்குகூட நிற்காது. அந்த 99-ஐ 99.5 ஆக்கிவிட்டால், நூறு எழுத்துச் சரத்தில் 37 இருந்த இடத்தில் 61 நிற்கும். அரை பங்கு முன்னேற்றம் இவ்வளவு பெரிய வேற்றுமையைச் செய்வதால், வால்வு சற்றே கசிந்தாலும், குழாயில் ஒரு துளி மிச்சம் நின்றாலும், காற்றின் ஈரம் கடுகளவு புகுந்தாலும் யந்திரத்தின் பயன் கெட்டுவிடுகிறது. வால்வையும் குழாயையும் தானே பார்த்துத் திருத்தும் உரிமை இந்த யந்திரத்துக்கு ஏன் மற்றவற்றைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

1980-களில் இவ்வேலையைத் தானாகவே செய்யும் யந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. கலிபோர்னியாவின் சீட்டஸ் என்ற நிறுவனத்தில் ஆலிகோக்களைத் தயாரிப்பதே தொழிலாக இருந்த கேரி முல்லிஸ் என்பவருக்கு யந்திரங்களால் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வில் அவர் சிந்தித்ததன் விளைவே, டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை. 1983-ல் உருவான அது அவருக்கு 1993-ல் நோபெல் பரிசைத் தேடித் தந்தது. ஒரு நல்ல கருவி மனிதனுக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்திலிருந்து என்னென்ன விளையக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

பெருமளவு என்பதற்கு இரு பொருள்

டி.என்.ஏ.வைப் பெருமளவில் தயாரிப்பது என்றால் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். கல்யாண வீட்டுக்கு ஒரே விதமான லட்டு பத்தாயிரம் பிடிப்பது ஒன்று; பத்தாயிரம் விதமான பலகாரங்களில் ஒவ்வொன்றாகச் செய்வது மற்றொன்று. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பின்னது. மருந்துக்குத் தேவைப்படுவது முன்னது.

வெவ்வேறான ஆயிரக்கணக்கான சரங்களை ஒரே சமயத்தில் கோப்பதற்கு, நம் வீட்டு மேஜைகளில் இருக்கும் மைதெளிக்கும் அச்சுப்பொறியே வழி காட்டியது. நான்கு நிற மைகளுக்குப் பதிலாக நான்கு உயிரெழுத்துக்களை நுண்துளிகளாகக் கண்ணாடித் தகட்டின்மேல் தெளித்தால், தகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு சரம் வளரும். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள அமைப்பு உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லாஸ்டெட், லீராய் ஹூட் முதலியோர் இத்தகைய யந்திரம் ஒன்றைக் கட்டி, 'போசம்' என்று பெயரிட்டு, அதன் அமைப்பு விவரங்களை 2004-ல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். எப்சன் அச்சுப்பொறியின் தெளிக்கும் தலை அதன் இதயம். ஈரம் புகாத ஒரு பெட்டி அதன் வீடு. ஒரு தகட்டில் 9,800 வெவ்வேறு புள்ளிகளை அமைப்பது அதன் திறமை. தங்களுக்கு முன்னோடியாக அவர்கள் நன்றியோடு குறிப்பிட்டது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரை. மரபணுத் துளிகளைத் தகட்டில் ஊசிமுனையால் ஒற்றி வைக்கும் யந்திரத்தின் வரைபடத்தை அவர்கள் முன்னரே வெளியிட்டிருந்ததனால்தான் அத்தொழில் ஆய்வுக்கூடங்களில் விரைந்து பரவியது. ஒருவர் திறந்து வைத்த வாசல் வழியாக நுழைந்தவர், அடுத்தவருக்காக இன்னொரு வாசலைத் திறந்து வைத்துப் போயிருக்கிறார்.

ஒரே சரத்தைக் கிலோக் கணக்கில் தயாரிக்க வேண்டிய தேவை மருந்துகளால் வந்தது. நோயை உண்டாக்கும் புரதத்தின் செய்தியை உயிரணுவுக்குள்ளேயே இடைமறித்து அழிக்கும் குறுகிய ஆர்.என்.ஏ. மருந்துகளுள் முதலாவதான பாட்டிசிரான் 2018-ல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. கொழுப்பைக் குறைப்பதற்கு ஆண்டில் இரண்டே ஊசியாகப் போடும் இன்கிளிசிரான் பின்னர் வந்தது. இவ்வகை மருந்துகளின் ரசாயனத்தை வகுத்ததில் பெரும்பங்கு கொண்டவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் அல்நைலம் நிறுவனத்தில் பல்லாண்டுகள் உழைத்த முத்தையா மனோகரன் என்பது தமிழர்கள் பெருமையோடு அறியவேண்டிய செய்தி. ஆர்.என்.ஏ.வைக் கோப்பது டி.என்.ஏ.வைக் கோப்பதைவிடக் கடினம். அதன் சர்க்கரைப் பகுதியில் கூடுதலாக இருக்கும் ஒரு பிராணவாயு அணு, வேண்டாத இடத்தில் பிணைந்துகொள்ளாதபடி தனியாக ஒரு கவசம் போட்டு, இறுதியில் அந்தக் கவசத்தைச் சரம் அறுபடாமல் கழற்ற வேண்டும்.

சில கொரோனாத் தடுப்பூசிகளில் வந்த ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 4,000 எழுத்து நீளமுள்ளது. முன்பு சொன்ன கணக்கின்படி அதை எழுத்தெழுத்தாக யந்திரத்தில் கோப்பது நடவாத காரியம். ஆகையால் டி.என்.ஏ. அச்சு ஒன்றை வைத்து, இயற்கையின் நொதிப்பொருளைக் கொண்டே பிரதி எடுக்கிறார்கள். இந்தியாவில் புனே நகரத்து ஜென்னோவா நிறுவனம் தயாரித்த அத்தகைய தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசரகால அநுமதி கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், இவ்வித்தையைப் பல நாடுகளுக்கும் கற்பித்துத் தருவதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு மையத்தை ஏற்படுத்தியது. வித்தை சிலரிடம் மட்டும் இருந்தால் பலர் வரிசையில் நிற்க நேரிடும் என்ற பாடத்தைக் கொரோனாக் காலம் கற்பித்திருந்தது.

வரைபடம் கைமாறியபோது

மைசூருக்கே திரும்பி வருவோம். 2020-ன் வசந்தத்தில் நாடெங்கும் வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாச யந்திரங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வமயம் மைசூரைச் சேர்ந்த ஸ்கான்ரே என்ற மருத்துவக் கருவி நிறுவனம், தன்னிடமிருந்த வென்டிலேட்டர் வடிவமைப்பைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடு பகிர்ந்துகொண்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமாகிய டி.ஆர்.டி.ஓ.வும் துணை நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வால்வுகளையும் உணர்கருவிகளையும் இங்கேயே செய்துகொள்ளும் வகை தேடப்பட்டது. மத்திய அரசு கேட்ட 30,000 யந்திரங்களைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்துக் கொடுத்தது. அதே காலத்தில் மெட்ரானிக் என்ற பெரிய நிறுவனம் தன் வென்டிலேட்டர் ஒன்றின் வரைபடங்களை உலகில் எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தது.

மைசூரில் நடந்தது ஒப்பந்தத்தின்படி நடந்த பகிர்வு. திறந்த மூலம் என்று அதை அழைப்பது பொருந்தாது. ஆயினும் ஒரு யந்திரத்தின் வரைபடம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனவுடன் என்ன நிகழ்கிறது என்பதை இந்த ஊர் கண்ணாரக் கண்டது. வரைபடத்தைப் பெற்றவன் அதில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் நோக்கி, இது ஏன் இங்கே கிடைக்கவில்லை என்று கேட்கத் தொடங்குகிறான். அந்தக் கேள்வியிலிருந்தே பட்டறைகள் பிறக்கின்றன. வால்வு செய்பவன் பிறக்கிறான். மூடிய பெட்டியை விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்தக் கேள்வி எழுவதற்கு இடமே இல்லை.

நம் நாட்டில் இக்கொள்கைக்கு வேறு நல்ல முன்மாதிரிகளும் உண்டு. புது டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்தில் அஜித்குமார் என்ற விஞ்ஞானி தொடங்கிய 'ஃபீனிக்ஸ்' திட்டத்திலிருந்து 'எக்ஸ்பைஸ்' என்ற கையடக்கக் கருவி பிறந்தது. மின்னழுத்தம், ஒலி, ஊசல் முதலியவற்றை மாணவர்கள் கம்ப்யூட்டரோடு இணைத்து அளந்து பார்க்க உதவும் அதன் வரைபடமும் மென்பொருளும் எல்லாருக்கும் பொது. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் மனு பிரகாஷ், தாளை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப்பை 2014-ல் வெளியிட்டார். இங்கிலாந்தில் உருவாகித் தான்சானியாவில் வேரூன்றிய 'ஓப்பன் ஃப்ளெக்சர்' மைக்ராஸ்கோப்பின் உறுப்புகளை முப்பரிமாண அச்சுப்பொறியிலேயே வார்த்துக்கொள்ளலாம். இவற்றோடு ஒப்பிட்டால் டி.என்.ஏ. கோக்கும் யந்திரம் பெரிய அதிசயம் ஒன்றும் அன்று. குப்பிகள், அவற்றிலிருந்து திரவத்தைத் தள்ளும் உலர்ந்த வாயு, முறைப்படி திறந்து மூடும் வால்வுகள், கண்ணாடித் துகள் நிரம்பிய ஒரு சிறு குழாய், இவ்வளவையும் நேரம் தவறாமல் ஆட்டிவைக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர்: இவையே அதன் அங்கங்கள். அதன் சூட்சுமம் முழுதும் செய்நேர்த்தியில் இருக்கிறது.

குப்பியும் ஈரமும்

ஆயினும் வரைபடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. சமையற் குறிப்பு இலவசமாகக் கிடைத்தாலும் அரிசிக்கு விலை கொடுத்தே ஆகவேண்டும். உயிரெழுத்துக்களாகிய ஃபாஸ்ஃபோரமிடைட்டுகள் விலை மிகுந்தவை. திறந்த குப்பியில் நாளுக்கு நாள் கெட்டுப்போகிறவை. இவற்றுக்குப் பெரும்பகை நீர். ஆடி மாதத்துச் சாரலில் சாமுண்டி மலையை மேகம் மூடி, நகரத்துச் சுவர்களெல்லாம் சில்லிட்டிருக்கும் நாளில் மூடி சரியில்லாத ஒரு குப்பி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எழுத்துக்கு எழுத்து கழுவிவிடும் கரைப்பான் திரவங்கள் தீப்பற்றக் கூடியவை; மனிதர் சுவாசிக்கத் தகாதவை; பயன்பட்ட பிறகு சாக்கடையில் கொட்டக் கூடாதவை. சிறு சரத்துக்கே கணிசமாகச் செலவாகும் இத்திரவங்கள், மருந்தளவில் தயாரிக்கும்போது பெருந்தொட்டிகளில் தேங்கும்.

ஆகையால் இந்த யந்திரம் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பழகத்தக்கது என்று எவரும் கருதிவிடக் கூடாது. இதற்குரிய இடம் காற்றோட்டமும் கழிவு வசதியும், பயிற்சி பெற்ற கைகளும் உள்ள ஆய்வுக்கூடம். மைசூரில் அத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. 1916-ல் தோன்றிய பல்கலைக்கழகம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. இத்தகைய ஊர் ஒன்றில், பல ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே யந்திரத்தைத் தாமே கட்டி, தாமே பராமரித்து, மாணவர்களுக்குத் தேவையான பிரைமர்களை ஓரிரு நாட்களில் கொடுக்கும் பொதுப்பட்டறை ஒன்று அமையுமானால், அதன் லாபத்தைப் பணத்தால் மட்டும் அளந்துவிட இயலாது. கட்டியவர்களிடம் எஞ்சும் அறிவே பெரிய லாபம். முன்பு நான் கண்ட கல்லூரி யந்திரத்துக்கு அந்த ஊரில் அதை அறிந்த ஒருவர் இருந்திருந்தால் அது இரண்டு ஆண்டுகள் பொட்டோடு உறங்கியிராது.

மறைக்க வேண்டியது எது?

இனி, அஞ்சத்தக்க பகுதியைப் பற்றியும் மனந்திறந்து பேசுவோம். எழுதுகோல் கையில் இருக்கிறவன் நல்லதையும் எழுதலாம், தீயதையும் எழுதலாம். 2002-ல் அமெரிக்காவில் போலியோ வைரஸையே அதன் எழுத்து வரிசையிலிருந்து செயற்கையாக அமைத்துக் காட்டினார்கள். அது அறிவுலகத்துக்கு ஓர் எச்சரிக்கை மணியாயிற்று. டி.என்.ஏ. தயாரித்து விற்கும் பெரிய நிறுவனங்கள் பல 2009-ல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டு, கேட்பவர் யார், கேட்கும் எழுத்து வரிசை ஆபத்தான கிருமியினுடையதா என்று சோதித்த பிறகே தயாரிப்பது என்ற நெறியை மேற்கொண்டன. யந்திரம் எல்லார் கைக்கும் எட்டிவிட்டால் இந்தக் காவலைத் தாண்டிப் போக வழி ஏற்படாதா என்று கேட்கிறவர்களின் அச்சம் நியாயமானது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டுத் திறந்த மூலத்தைப் புகழ்வது பொறுப்புள்ளவர் செயலாகாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது மைசூரின் பன்னிமண்டபம் என் நினைவுக்கு வருகிறது. அந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. 1937-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கும் வர்ணமும் செய்வதற்காகத் தோன்றி, இன்று மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்று வழங்கும் அந்நிறுவனமே, 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் நம் விரல்களில் இடப்படும் அழியாத மையைத் தயாரித்து வருகிறது. டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் வகுத்த முறை அது. வெள்ளி நைட்ரேட் அதில் இருக்கிறது என்பதை உலகம் அறியும். அதன் முழுச் செய்முறையை மிகச் சிலரே அறிவர். அதை வெளியிட்டால் அழிக்கும் வழியை எவனாவது தேடிக் கண்டுபிடித்து, கோடிக்கணக்கான சாமானியர்களின் வாக்குரிமையைக் கறைப்படுத்துவான். அந்த ரகசியம் ஒரு வியாபாரியின் லாபத்தைக் காப்பதற்காக இருப்பது அன்று. எல்லாருக்கும் பொதுவான ஒன்றைக் காப்பதற்காக இருப்பது. ஆகவே அது மூடியிருப்பதே தர்மம்.

ஸ்கான்ரேயின் வரைபடம் கைமாறியதையும், பன்னிமண்டபத்தின் மை மறைந்திருப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு நியதி புலப்படுகிறது. எதை மூடினால் பொதுமக்கள் தவிக்கிறார்களோ அது திறக்கத்தக்கது. எதைத் திறந்தால் பொதுமக்களுக்குத் தீங்கு வருமோ அது காக்கத்தக்கது. டி.என்.ஏ. கோக்கும் யந்திரத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. அதன் குழாயும் வால்வும் கணக்கும் முதல் வகை. எந்த எழுத்து வரிசை அதில் எழுதப்படுகிறது, எவர் எழுதுகிறார் என்பது இரண்டாம் வகை. திறந்த வரைபடத்திலேயே, கொடுக்கப்பட்ட வரிசையைச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்கும் மென்பொருளையும், என்ன எழுதப்பட்டது என்று அழியாமல் பதிந்து வைக்கும் குறிப்பேட்டையும் சேர்த்து அமைக்க முடியும். நம் நாட்டில் மரபணு மாற்றம் சம்பந்தமான வேலைகளுக்கு 1989-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன; அத்தகைய வேலை நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். பொதுப்பட்டறை ஒன்றில் பலர் கண்ணெதிரே ஓடும் யந்திரத்தைக் கண்காணிப்பது அந்தக் குழுவுக்கு எளிது. மென்பொருளைத் தீய எண்ணமுடையவன் கழற்றி எறிந்துவிடக் கூடும் என்பதும் உண்மையே. அதனால்தான், யந்திரத்தோடு நில்லாமல் மூலப்பொருள் விற்பனையிலும், ஆய்வுக்கூட அநுமதியிலும் காவல் வேண்டும் என்கிறேன். ஒரே பூட்டை நம்பி எந்த வீட்டையும் விட்டுச் செல்வதில்லை.

பன்னி என்பது கன்னடத்தில் வன்னி மரத்தின் பெயர். விஜயதசமியன்று மைசூர்ப் பவனி அந்த மரத்தை நோக்கியே செல்கிறது. அஞ்ஞாதவாசத்துக்குப் புறப்பட்ட பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்தது வன்னி மரத்தில் என்பதை நாம் பாட்டி வாயால் கேட்டிருக்கிறோம். கதையின் அடுத்த பகுதியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். விராட நாட்டின் பசுக்களைப் பகைவர் கவர்ந்து போனபோது, பிருகன்னளையாக வேடம் பூண்டிருந்த அர்ச்சுனன், இளவரசன் உத்தரனையே அந்த மரத்தின்மேல் ஏற்றி மூட்டையை இறக்கச் சொன்னான். ஒளி வீசிய வில்களையும் அம்புகளையும் வாள்களையும் கண்டு திகைத்த அந்தப் பையனுக்கு, இது இன்னாருடையது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விளக்கினான். ஆண்டு முழுவதும் ஆயுதங்களைக் காத்த அதே கைகள், தேவை வந்த வேளையில் ஓர் இளைஞனுக்கு அவற்றை அறிமுகம் செய்துவைத்தன.

நம் கல்லூரிகளில் உத்தரர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் முன்னே முத்திரையிட்ட பெட்டிகளை வைத்துப் பொட்டு மட்டும் வைக்கச் சொல்லுகிறோம். வரும் ஆயுத பூஜை ஒன்றிலாவது, உயிரெழுத்துக்களைக் கோக்கும் ஒரு யந்திரத்தை மைசூரின் மாணவர்கள் தாங்களே பாகம் பாகமாகக் கழற்றி, வால்வைத் துடைத்து, குழாயை மாற்றி, குறிப்பேட்டைச் சரிபார்த்து, அதன் பிறகு சந்தனம் இடுவதை நான் பார்க்க வேண்டும்.